அப்பா ருசி பார்த்த பிரெட் அல்வா

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் நடந்தவை:

1. ஆற்காட்டுத் தோழி அவள் ஊர் இனிப்பான மக்கன்பேடா ஒரு டப்பா கொண்டுவந்தாள்.
2. முதல் பேடாவிலேயே தித்திப்பு தாங்காமல் முகம் சுளித்தேன்.
3. பேச்சு சுவாரசியத்தில் இன்னும் இரண்டு உள்ளே போயின.
4. டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரயே போடலயாக்கா?" என்று கேன்டீன் அக்காவிடம் கேட்டேன்.
5. "எப்பவும் போட்றதுதான் போட்டேன். உன் நாக்குக்கு இன்னா ஆச்சு?" என்றார் அவர்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நாக்கில் இனிப்பை அறியும் செல்கள் உண்டு. ஒரே இனிப்பு தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் அவை மூளைக்குச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. வாயைக் கொப்பளித்துச் சற்று நேரம் சும்மா விட்டால் பழையபடி ஆகிவிடும். பாடத்தில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக இல்லை. ஆம்பூரில் வளர்ந்தவளுக்கு மூக்கே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. ரயில் ஊரை நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இவர்களுக்கு என்ன வந்தது என்று நாங்கள் பார்ப்போம். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா துண்டைக் கொடுத்து நேராகக் குளிக்க அனுப்புவார். "இன்னா வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்பார் அப்பா, தினமும்.

அப்பாவின் மூக்கு கிடக்கட்டும். வம்பு செய்தது அவர் நாக்கு.

பக்கத்து வீட்டில் சபியாக்கா இருந்தாள். ரம்ஜான் மாதத்தில் அவர்கள் வீட்டில் சமைப்பவர்களும் நோன்பில் இருப்பார்கள் என்பதால், உப்பு பார்க்க எங்கள் வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவார்கள். வழக்கமாக அம்மா போவார். நான் எட்டாவது படித்த வருடம், அம்மா தலைவலி என்று படுத்திருந்த ஒரு நாளில் அப்பா போனார்.

அன்று சாதாரண நாள் இல்லை. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் வாணியம்பாடி அம்மா ஒருவர் நோன்பு திறக்க வருவதாக இருந்தது. சபியாக்காவின் பிரெட் அல்வா பிடித்துவிட்டால், இனி கல்யாணங்களுக்கு அல்வா போடும் வேலை அவளுக்கு. பிடிக்காவிட்டால் பெருநாள் முடிந்ததும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஷினுக்கே திரும்பிப் போக வேண்டும். அவர்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

அக்கா கவனமாகத்தான் செய்தாள். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் அப்பாவிடம் கரண்டியை நீட்டினாள்.

"அங்கிள், இப்போ?"

"கம்மிமா."

"இப்போ?"

"சூப்பர். ஆனா இன்னும் கொஞ்சம் போடலாம்."

எங்கள் வீட்டில் படுத்த இடத்திலிருந்தே அம்மா கத்தினார்: "டீ கிளாஸ்ல பாதி சக்கர கொட்டிக் குடிக்கிற மனுஷன். அவரப் போய் கேக்குறியேம்மா!"

யாரும் காதில் வாங்கவில்லை. அப்பாவும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

நோன்புக் கஞ்சி வாங்கிவர நான் தூக்குச்சட்டியுடன் சபியாக்கா வீட்டுக்குப் போனபோது வாணியம்பாடி அம்மா நோன்பு திறந்து, கஞ்சி குடித்து முடித்திருந்தார். அல்வாவில் ஒரு கரண்டி எடுத்தார். இரண்டாவது எடுக்கவில்லை.

"நெய் வாசன நல்லா இருக்கும்மா. சக்கரதான் ரொம்ப ஜாஸ்தி. அப்புறமா பாக்கலாம்."

அவர் போனபின் சபியாக்கா ஒரு கிண்ணத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா அப்போதுதான் கஞ்சி குடித்து முடித்திருந்தார்.

"அங்கிள், இப்போ சாப்டுங்க."

ஒரு வாய் போட்டதும் அப்பாவின் கண் சுருங்கியது. "யம்மா! இன்னாமா இவ்ளோ சக்கர கொட்டிக்கீற?"

"நீங்கதான் அங்கிள் கம்மி கம்மின்னீங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபியாக்காவும் சிரித்தாள். அப்பா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த 'அப்புறமா' வரவில்லை. பெருநாள் முடிந்ததும் அவள் கம்பெனிக்குப் போனாள். பிறகு நாங்கள் பாகாயத்துக்குக் குடிபெயர்ந்தோம். இங்கே ருசி பார்க்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஆம்பூரில் அந்த இரண்டு வீடுகளும் இப்போது இல்லை; அங்கே மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது.

சபியாக்கா இன்று அதே கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். பெருநாளுக்கு அல்வாவைக் கடையில் வாங்குகிறாள்.