பேயக்காவும் இரண்டாம் பாகமும்

தெருவில் யாருக்குப் பேண்ட் நீளமாக இருந்தாலும், யாருடைய ஜிப் மக்கர் செய்தாலும், பேயக்காவின் தையல் கடைக்குத்தான் போவார்கள். பட்டப்பெயரை முகத்துக்கு நேராகவே சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் கோபப்படாமல் "என்ன?" என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு படம். இளவயதில் அவள் ஒரு சினிமாக் கம்பெனியில் உடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். பேயாக வரவேண்டிய நடிகை காய்ச்சலில் படுத்துவிட, பேயின் அங்கியைத் தைத்தவளையே அதற்குள் நுழைத்து, மாடிப்படியில் இறங்கச் சொன்னார்கள். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சு விடாமல், தொளதொளச் சட்டைகளில் மறைத்து வைத்திருந்தாள். வீங்கிய கால்களோடு சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பாதிப் படியில் வயிற்றுப் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. நின்றாள். மெல்லத் தலையைக் குனிந்து பார்த்தாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

படம் வெளிவந்தபோது, பேய் தங்களைத்தான் பார்க்கிறது என்று தியேட்டரே அலறியது. மீசை வைத்த ஆம்பிளைகள் சொந்த வீட்டு மாடிக்குத் தனியாகப் போகப் பயந்தார்கள். பேயக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு எந்தப் பேய்ப் படமும் அவளை அசைத்ததில்லை. உள்ளே கால் வலியோடு ஒரு மனுஷி நின்றுகொண்டிருப்பாள் என்று தெரிந்துவிட்டதே!

உதைத்த பிள்ளை வளர்ந்து மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரகசியம் அவளுக்கு மட்டும் தெரியும். "அப்போ அந்தப் பேய்ல பாதி நான்தானேம்மா?" என்று சின்ன வயதிலேயே பங்கு கேட்டவள். இரண்டாம் பாகம் எடுக்கிறோம் என்று ஒரு புதிய இயக்குநர் பழைய பேயைத் தேடி வந்தார். பேயக்காவின் மூட்டுவலிக் கதையைக் கேட்டு அவர் முகம் தொங்கிப்போனபோது, "அந்தப் படியில நான் இறங்குறேன் சார்" என்று மகள் முந்திக்கொண்டாள்.

அன்றோடு பேயக்காவின் தூக்கம் போயிற்று. பக்கத்துக் கடை சலூன்காரர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். அந்த மனிதர் பார்க்காத பேய்ப் படம் கிடையாது.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. ரெண்டாம் பாகம்னாலே ஆறின காபியைச் சுட வைக்கிற கதைதான். முதல் தடவை பேய் என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டாவது தடவை எல்லாரும் தயாரா உக்காந்திருப்பாங்க. அப்புறம் எப்படிப் பயப்படுவாங்க? உங்க பொண்ணு அந்தப் படியில நிப்பா, ஜனங்க கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க."

"உங்க வேலையைப் பாருங்க" என்று பேயக்கா கத்தரிக்கோலைத் தடாலென்று வைத்தாள். ஆனால் அவளுடைய பயமும் அதுதான். வீட்டில் மகள் ஒத்திகை பார்த்ததைக் கண்டிருந்தாள். சுவரைப் பிடித்து, நின்று, குனிந்து, அச்சு அசல் அம்மா மாதிரியே. பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரே சிரித்தால் பிள்ளை தாங்குவாளா?

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு இருவரும் போனார்கள். வாசலில் மகள் அவளை நிறுத்தினாள்.

"அம்மா, உன் அளவுக்கு வந்திருக்கான்னு உண்மையச் சொல்லணும்."

"நல்லாத்தாண்டி இருக்கும்."

"பாத்தியா, படம் பாக்கிறதுக்கு முன்னாடியே பொய்!"

பேயக்கா மனதுக்குள் நாலைந்து பாராட்டுகளைத் தயார் செய்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

அதே படிக்கட்டு வந்தது. அதே அங்கி. பின்னால் யாரோ "இப்ப நிக்கும் பாரு" என்றான். சிலர் சிரித்தார்கள். பேயக்கா தயார் செய்து வைத்திருந்த பாராட்டுகளில் முதலாவதை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள்.

பேய் நிற்கவில்லை. தன் சொந்த வீட்டில் இறங்குவது போலச் சாவகாசமாக இறங்கி வந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்தது. அங்கியை முழங்காலின் மேல் நீவிவிட்டுக்கொண்டது. பிறகு, வெளியே போன யாரோ திரும்பி வரட்டும் என்பது போல எதிரே பார்த்துக்கொண்டே இருந்தது. வேறொன்றும் செய்யவில்லை. சிரித்தவர்களின் வாய் அடைத்துப்போயிற்று. தியேட்டரில் ஒருவர்கூட இருமவில்லை.

பேயக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தான் அன்று எதற்கு நின்றோம் என்று அவளுக்குத் தெரியும். இவள் எதற்கு உட்கார்ந்தாள்? பெற்று, பால் கொடுத்து, தலை வாரிவிட்டு, இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இதை எங்கே வைத்திருந்தாள் இந்தப் பெண்? தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து அவள் அப்படியே மலைத்துப்போனாள்.

இருட்டில் மகளின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டன.

பேயக்கா வீலென்று கத்தி, கையைப் பிடுங்கிக்கொண்டு, இருக்கையின் மறுபக்கம் ஒடுங்கினாள்.

மகள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, திரை வெளிச்சத்தில் முகமெல்லாம் சிரிப்பாக, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், உன் அளவுக்கு வந்திருக்கா என்று அவள் மறுபடி கேட்கவே இல்லை.