வெள்ளையம்மாள் வீட்டுக் கம்பளி

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் எங்கள் குடிசைகள் எல்லாம் வாசலை ஆற்றுப் பக்கம் வைத்துக் கட்டியவை. எந்த மடையன் யோசனையோ தெரியாது. ஐப்பசி பிறந்தால் வாடை நேரே வீட்டுக்குள் வந்துவிடும். மார்கழியைக் கேட்கவே வேண்டாம். கோயில் பக்கமிருந்து திருப்பாவை கேட்கிற நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்கும்.

அந்த வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் குளிர் கிடையாது. வெள்ளையம்மாள் வீடு. என் வீட்டுக்கு அடுத்தது, நடுவில் ஒரு மண்சுவர்தான். நான் எருமை வைத்து உத்திர வீதிகளில் பால் ஊற்றுகிறவள். அவள் மூங்கில் பிளந்து தட்டி, கூடை முடைகிறவள். அவள் புருஷன் மூக்கன் ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன். ஆள் வாட்டசாட்டம், கை ஒவ்வொன்றும் உலக்கை. குடித்தால் மிருகம். அந்த வலது கையால் அவன் விட்ட ஓர் அறையில் அவளுக்கு இடது காது போயிற்று. அதிலிருந்து நான் அவளுடைய வலப்பக்கம் போய் நின்றுதான் பேசுவேன்.

அவளுடைய தலைச்சன் பிள்ளை போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐம்பத்தாறாம் வருஷம் மார்கழி. மதுவிலக்கு என்று பேர்தான், நாணற்புதருக்குள் சாராய ஊறல் போடுகிறவனுக்கு அதெல்லாம் யார் சொன்னது? கையில் காசில்லாத மூக்கன், இருமலோடு தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் மேலிருந்த கம்பளியை உருவினான். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அடிவயிற்றில் உதைத்துவிட்டுக் கம்பளியோடு போனான் படுபாவி. அது சாராயமாகி அவன் தொண்டையில் இறங்கியது. பிள்ளை விறைத்து, ஜன்னி கண்டு, மறுநாள் போய்விட்டது.

சுடுகாட்டில் மண்ணில் விழுந்து புரண்டு அழுதான். இனிமேல் தொட மாட்டேன் என்று சமயபுரத்தாள் மேல் சத்தியம் செய்தான். என் கையில் புல்லறுக்கும் அரிவாள் இருந்திருந்தால் அங்கேயே இன்னொரு குழி வெட்ட வேண்டியிருந்திருக்கும். வெள்ளையம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து மூங்கில் சீவ உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் வேலையா என்று நான் சத்தம் போட்டேன். "ஒரு சின்ன வேலை இருக்குக்கா" என்றாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. மூக்கனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளைக்காக அவள் வீட்டைக் கட்டிய கட்டு இருக்கிறதே, அரண்மனையில்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். வாடை வருகிற பக்கம் முழுக்க நெருக்கமாக முடைந்த மூங்கில் தட்டி. அதன் உட்புறம் கோரைப்பாயை வைத்துத் தைத்து, இடுக்கெல்லாம் சாணமும் களிமண்ணும் பூசினாள். உறையூர்த் தறிச் சேலைகளில் பழையவற்றை என்னிடமும் வாங்கி, நாலு மடிப்பாகத் தைத்துப் பிள்ளைக்கு மெத்தை போட்டாள். மூலையில் ஒரு மண்சட்டியில் தணல். கோடையில் கிடை போட வந்த ஆட்டுக்காரர்களுக்குப் பட்டித் தட்டி முடைந்து கொடுத்து, அதற்கு ஈடாகத் துறையூர்ப் பக்கத்துக் குரும்பர் நெய்த கம்பளி ஒன்று வாங்கியிருந்தாள். புளியங்கொட்டைப் பசை போட்ட புதுக் கம்பளி பலகை மாதிரி நிற்கும். தினம் தினம் கையால் கசக்கிக் கசக்கி அதைப் பிள்ளைக்கு ஆகிற பதத்துக்குக் கொண்டுவந்தாள். அந்த வீட்டுக்குள் போனால் எனக்கு வெளியே வர மனசே வராது.

வந்ததே வைகுண்ட ஏகாதசி! ஊரெல்லாம் ஜனம். மூக்கனுக்கு மூட்டைக்குக் குறைவில்லை, கூலிக்கும் குறைவில்லை. சத்தியம் ஆற்றோடு போயிற்று. மறுநாள் உச்சிவெயிலில் கண் சிவந்து, மடி காலியாகி வந்து நின்றான். பிள்ளை அலறுகிற சத்தம் கேட்டு நான் அரிவாளோடு ஓடினேன்.

தட்டியை மிதித்துப் பிளந்திருந்தான். தணல் சட்டி உடைந்து, பாயில் நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. வெள்ளையம்மாளுக்கு உதடு கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. பிள்ளையோடு சேர்த்துக் கம்பளியை அவன் இழுக்க, பிள்ளை உருண்டு வெறுந்தரையில் விழுந்தது. "எதை வேணா எடுத்துட்டுப் போங்க. அதை மட்டும் விட்டுடுங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவன் சிரித்துக்கொண்டே கம்பளியை இடது முழங்கையில் சுற்றி, வலது கையால் நிலையைப் பிடித்து வெளியே காலை வைத்தான்.

மூங்கில் பிளக்கிற கொட்டாப்புளிக் கட்டை அவள் கையில் எப்போது ஏறியது என்று நான் பார்க்கவில்லை. நிலையில் இருந்த கையின் மேல் ஒரே போடு. காய்ந்த விறகு முறிகிற சத்தம். மூக்கன் மாடு மாதிரிக் கத்திக்கொண்டு விழுந்தான். நான் அவன் மேல் பாயப் போனேன். மறித்துவிட்டாள். பாயின் நெருப்பைக் காலால் தேய்த்து அணைத்தாள், பிள்ளையை எடுத்துக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டாள். பிறகு அடுப்புக்கு மேலே கூரையில் கையை விட்டு, துணியில் சுருட்டிய எதையோ எடுத்து மடியில் செருகிக்கொண்டு வண்டி பிடிக்கச் சொன்னாள்.

மேலூரில் எலும்பு கட்டுகிற நல்லுசாமி இருந்தார். மூக்கனை அவர் முன்னால் கிடத்தினோம். இழுத்துப் பொருத்தினார். அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எண்ணெய் தடவி முடித்து, கட்டுவதற்கு மூங்கில் பத்தை வேண்டும், யாராவது போய்ச் சீவிக்கொண்டு வாருங்கள் என்றார். வெள்ளையம்மாள் மடியிலிருந்த துணியைப் பிரித்தாள்.

உள்ளே பத்தைகள். ஓரமெல்லாம் மழுக்கி, தோலில் கீறாதபடி வழவழவென்று தேய்த்தவை. அடுப்புப் புகையில் கருஞ்சிவப்பாகப் பழுத்திருந்தன. நல்லுசாமி ஒன்றை எடுத்து மூக்கன் கையில் வைத்துப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அச்சாக உட்கார்ந்தது. அவன் தூங்கும்போது அளவு எடுத்திருக்க வேண்டும். அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இது இன்னிக்குச் சீவினது இல்லையேம்மா?"

"பெரியவன் போன அன்னிக்குச் சீவினதுங்க."

மூக்கனின் கூச்சல் பட்டென்று நின்றது. பத்தைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கே ஒரு நிமிஷம் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தப் பனிக்காலம் முழுக்க மூக்கன் கட்டுக் கையோடு அந்த வீட்டில்தான் கிடந்தான். அவள் தட்டியை மறுபடி முடைந்தாள், புதுச்சட்டியில் தணல் போட்டாள், அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவன் கம்பளியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் படுத்தான். பிள்ளை ஒரு தும்மல்கூட இல்லாமல் மார்கழியையும் தையையும் தாண்டியது. இப்போது அந்தப் பயல் ஸ்கூலுக்குப் போகிறான், என் எருமைக் கன்றை விரட்டி என்னிடம் வசவு வாங்குகிறான்.

மாசியில் கட்டுப் பிரித்தார்கள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மூக்கன் பத்தைகளை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனான். வெள்ளையம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"அடுப்புல போட்டுடாதீங்க. இன்னொரு கை இருக்குல்ல."

மூக்கன் அடுப்பை விட்டுத் திரும்பினான். பிறகு அவற்றைத் துணியில் சுருட்டி, எக்கி, கூரையில் எடுத்த இடத்திலேயே செருகினான்.