அம்மா திராட்சை வாங்கித் தந்த நாள்

நான்காம் வகுப்பில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, என்னைப் பிடிக்க யாரும் ஓடவே வேண்டியதில்லை. கொஞ்சம் நின்றால் போதும்; நானே மூச்சு வாங்கி அவர்கள் காலடியில் உட்கார்ந்துவிடுவேன். சித்தப்பாவுக்கு ஆஸ்துமா உண்டு. அதனால் எனக்கும் அதுதான் என்று, சொத்தில் பங்கு பிரிப்பதுபோல் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

அம்மா பத்தியம் போட்டாள். கீரை குளிர்ச்சி, முட்டை சளி, வாழைப்பழம் ஆகவே ஆகாது. எங்கள் ஊர் பண்ணைப்புரத்தைச் சுற்றித் திராட்சைப் பந்தல். நடுவில் ரசஞ்சோறும் கடுங்காப்பியுமாக நான். கை நீண்டால் தட்டிவிடுவாள். "ஏலே, தொடாத! மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடப்ப."

அடுத்த மூச்சு வருமா என்ற பயத்தில், இழுத்த மூச்சை விடவே தயங்குவேன். நாளுக்கு நாள் வெளுத்தேன். நிறம் கூடுகிறது என்று கண்ணாடியில் பார்த்துப் பெருமை வேறு.

ஒருநாள் மொட்டைமாடிப் படியில் கண் இருட்டியது. சித்தப்பா தன் ஆஸ்துமா பம்பை என் வாயில் வைத்து அழுத்தினார். தண்ணீரில்லாத கிணற்றில் ஓடும் மோட்டார்போல நெஞ்சு அதிர்ந்தது, கை நடுங்கியது. மூச்சுதான் அடங்கவில்லை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமும் எடுத்தார்கள்.

"ஆஸ்துமா இல்லம்மா. ரத்தம் ரொம்பக் கம்மி, அதான் மூச்சு வாங்குது. புள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?"

அம்மா பத்தியத்தைப் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"கீரை, முட்டை, ஈரல், பழம் எல்லாம் குடுங்க. எதையும் நிறுத்தாதீங்க" என்று மருந்து எழுதினார் டாக்டரம்மா.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் சர்க்கரை நோயோடு இருந்த பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பினார்கள். அதுவரை சீனியைக் கண்ணில் காட்டாத பெரியம்மா, அன்று அல்வா ஊட்டினாள். மறுவாரம் பெரியப்பா இல்லை. எதையும் தின்னலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

திரும்பும் வழியில் சின்னமனூரில் பஸ் நின்றதும் அம்மா ஜன்னல் வழியாகத் திராட்சை வாங்கினாள்.

"தின்னுடா. டாக்டரம்மா சொன்னாகள்ல."

சந்தேகமே இல்லை, என் கதை முடிந்தது. ஆனாலும் பாழாய்ப்போன திராட்சை இனித்தது. அழுதுகொண்டே பாதிக் கொத்தை முடித்தேன். பக்கத்தில் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அழாதம்மா. நான் போயிட்டா சைக்கிள மட்டும் சித்தப்பாவுக்குக் குடுத்துராத."

"கிறுக்குப் பயலே, நீ எங்கடா போற? இங்கனதான் இருப்ப."

"அப்புறம் நீ ஏன் அழுகுற?"

இன்னொரு திராட்சையை விதை நீக்கி என் வாயில் வைத்தாள். அத்தனை நாள் என் கையைத் தட்டிவிட்ட அவள் கை, ஊர் வரும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தெரியாமல் அம்மாவும் சித்தப்பாவின் பம்பை அடித்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.