முதல் மூன்றும் கேன்சல்

“அந்த மொத மூணையும் கேன்சல் பண்ணிரு. இனிமே அதுக கணக்குலயே வராது.”

அஜ்மான் குடோனில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று முதலாளி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான் பழைய இசைத்தட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

வளைகுடாவில் இருப்பவனை அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊரில் பஸ் கேன்சல் ஆகும், பள்ளிக்கூட விழா கேன்சல் ஆகும். இங்கே கேன்சல் ஆவது மனிதன். விசாவை முடித்து ஆளை ஒரேயடியாக அனுப்புவதற்குத்தான் அந்தப் பெயர். ரூமில் ஒருவன் பெட்டி கட்டினால் முதல் கேள்வியே “லீவுலயா, கேன்சல்லயா?” என்பதுதான். லீவு என்றால் கிண்டல் செய்வார்கள், வரும்போது கருவாடு கொண்டுவா என்பார்கள். கேன்சல் என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்ட ஒரு கை கொடுப்பார்கள்.

குடோனில் நாங்கள் மூன்று பேர். நான், குளச்சல்காரரான டிரைவர், தெலங்கானாவிலிருந்து வந்த பேக்கிங் ஆள். முதலாளி பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்க ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவர்கள். யாராவது குடோனுக்கு வந்தால் முதலாளி எங்களைக் காட்டி, “இவங்கதான் நம்ம மொத மூணு” என்பார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது அந்த மூணு கேன்சல்.

எனக்கு எதையும் கெட்டதிலிருந்துதான் நினைக்க வரும். போன் அடித்தால் ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை. முதலாளி சிரிக்காமல் உள்ளே வந்தால் நான்தான் எதையோ உடைத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இந்தப் பயம் கூடவே வரும்போலிருக்கிறது. இந்த வேலை போனால் வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது அல்லவா. ஆனால் அன்றைக்கு நான் பயந்தது வேலைக்காக மட்டும் இல்லை. அறந்தாங்கிப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் மனைவிக்குப் புரட்டாசியில் பிரசவம். மூத்தவள் பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். அவளை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் நடந்து போய்த் தன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “இந்தத் தடவையாவது பக்கத்துல இருங்க” என்று மனைவி கேட்டிருந்தாள். அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. முதலாளியிடம் சொன்னேன். “புரட்டாசியில போயிட்டு வாடா, அதுல என்ன இருக்கு” என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டலை நம்பித்தான் நான் அவளிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான், ராமநாதபுரம் கடற்கரை. சின்ன வயதில் கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ ஐரோப்பியத் துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் குழுவின் இசையைக் கேட்டிருக்கிறார். அதோடு ஆள் மாறிவிட்டார். நான்கு பேர். கிதார் இல்லை, டிரம் இல்லை, எல்லாம் மின்னணுப் பெட்டிகள். இன்றைக்கு உலகம் முழுக்கக் கேட்கிற கம்ப்யூட்டர் பாட்டுக்கெல்லாம் அவர்கள்தான் தகப்பன்மார் என்பார். முதலில் எனக்கு அது ஏசி கம்ப்ரசர் பாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் வருஷக்கணக்கில் துடைத்தால் எதுவும் பழகிவிடும். நெடுஞ்சாலை வரைந்த அட்டை, பழைய வானொலிப்பெட்டி போட்ட அட்டை, நான்கு பேரும் சிவப்புச் சட்டையும் கறுப்பு டையுமாக நிற்கிற அட்டை. இந்தக் கடைசியைப் பார்த்தால் எனக்குக் கம்பெனி யூனிஃபார்மில் பஸ்ஸுக்கு நிற்கிற நம் ஆட்கள் ஞாபகம் வரும். ஒரே தட்டை அவர்கள் தங்கள் பாஷையில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் பாடி வெளியிட்டிருக்கிறார்கள். அட்டைப் படம் ஒன்றேதான், எழுத்துதான் வேறு. நம் ஊர் டப்பிங் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் பேச்சைக் கேட்ட அன்று டிரைவரிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“லேய் மக்கா, அவன் நம்மள அனுப்பணும்னா மொகத்த பாத்து சொல்லுவான். ஒளிச்சு பேச மாட்டான்.”

“மொத மூணுன்னா வேற யாருண்ணே? நம்மதானே?”

“ஒனக்கு பயப்பட ஒரு காரியம் இல்லேன்னா ஒறக்கம் வராதுலே. ஒரு மழை பெஞ்சாலும் ஒன்ன நனைக்கதான் பெஞ்சுதுன்னு சொல்லுவ.”

சிரித்தார். ஆனால் அடுத்த நாள் அவரும் முதலாளியின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார் என்பதை நான் கவனித்தேன்.

நான் மனைவியிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனில் அவள், “டிக்கெட் போட்டாச்சா?” என்று கேட்டாள். “போட்டுருவோம்” என்றேன். நான் ‘போட்டுருவோம்’ என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் முதலாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுடா.”

“எங்க மூணு பேரையும் அனுப்புறதா முடிவு பண்ணிட்டீகளாண்ணே? அனுப்புறதுன்னா புரட்டாசிக்கு முன்னாடியே அனுப்பிருங்க. அதான் கேக்க வந்தேன்.”

“யாருடா சொன்னா?”

“நீங்கதாண்ணே. போன்ல. மொத மூணையும் கேன்சல் பண்ணிருன்னு.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

“ஏ லூசுப்பயலே! அது ரெக்கார்டுடா! ஒங்கள இல்லடா!”

விஷயம் இதுதான். துபாயில் புதிதாக ஒரு கடை திறக்கப்போகிறார், பாதி காப்பிக்கடை, பாதி இசைத்தட்டுக்கடை. அதன் பெரிய சுவரில் இந்தக் குழுவின் எல்லா ஆல்பங்களின் அட்டைகளையும் வரிசையாக மாட்டத் திட்டம். முதலில் பதினொன்று என்று டிசைன்காரனிடம் சொல்லியிருந்தார். அதில் முதல் மூன்றைத்தான் கேன்சல் செய்யச் சொன்னது.

“ஏண்ணே, அதுவும் அவுங்க போட்டதுதானே?”

“போட்டதுதான். ஆனா அவுங்களே அதக் கணக்குல வச்சுக்கிறதில்ல. திரும்ப அச்சுப்போடவும் மாட்டாங்க. அவுங்க எல்லாத்தையும் சேத்துப் போட்ட பெரிய பெட்டியில எட்டுதான் இருக்கு. நாலாவதுதான் அவுங்க கணக்குல ஒண்ணு.”

“பெத்த பிள்ளைய இல்லன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு.”

“அப்ப அவுங்க கத்துக்கிட்டு இருந்தாங்கடா. கத்துக்கிட்டிருந்த காலத்த யாராச்சும் செவத்துல மாட்டுவாகளா?”

அந்த மூன்றையும் எனக்குத் தெரியும். எப்போதாவதுதான் கைக்கு வரும். முதல் இரண்டின் அட்டையிலும் ரோடு வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற கோன் படம், ஒன்றில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. மூன்றாவதில் இரண்டே பேரின் புகைப்படம். அவற்றில் புல்லாங்குழல் வரும். வாசிக்கிறவன் மூச்சு இழுப்பதுகூடச் சில இடங்களில் கேட்கிற மாதிரி இருக்கும். எனக்கு அவைதான் பிடிக்கும். ஆனால் என் பிடித்தத்தை யார் கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. கேன்சல் ஆனது அட்டைதான், ஆள் இல்லை. அந்த நிம்மதியில் ஜெர்மன்காரர்கள் தங்கள் அத்தனை ஆல்பங்களையும் கடலில் போட்டிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். மனைவிக்குப் போன் செய்து, “கண்டிப்பா வர்றேன்” என்றேன்.

கடைத் திறப்புக்கு நிறைய பேர் வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கிற ஐரோப்பிய இன்ஜினியர்கள்கூடக் காரோட்டிக்கொண்டு வந்தார்கள். எட்டு அட்டைகளும் விளக்கு வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, கேன்சல் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கடை எப்படிப் பிறந்தது என்று சொன்னார். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் அஜ்மான் என்ற சொல் வந்தால் காதில் விழாமலா போகும். வரவில்லை. தகரக் கூரைக் குடோனில் நாங்கள் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டித் தட்டுகளைக் காப்பாற்றிய கோடைகள் வரவில்லை. பார்ட்னர் ஒருவரோடு காப்பி குடித்தபோது மனதில் தோன்றியதாம் இந்தக் கடை. குளச்சல்காரர் என் காதோரம், “கேட்டியாலே? காப்பியில இருந்து பொறந்த பிள்ளையாம்” என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள்தான் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். முதலாளியின் பக்கத்தில் ஹெச்.ஆர். பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“பழைய கம்பெனி லைசென்ஸ மூடுறோம்” என்றார் முதலாளி. “அந்த விசாவெல்லாம் கேன்சலாகும். பயப்படாத, புதுக் கம்பெனியில எடுத்துக்கிறோம். எல்லாரும் ஃப்ரெஷ்.”

“ஃப்ரெஷ்ஷுன்னா என்னண்ணே?”

ஹெச்.ஆர். பெண் நிமிர்ந்து பார்த்தாள். முதலாளி, “இங்க சார்னு சொல்லுப்பா” என்றார் மெதுவாக. பிறகு, “புதுசா சேர்ற மாதிரி. அவ்வளவுதான்” என்றார்.

என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். “அப்ப லீவு?”

“ஒரு வருஷம் முடிஞ்சாத்தான். எல்லாருக்கும் ஒரே ரூல்.”

“புரட்டாசியில போயிட்டு வரச் சொன்னீகளே.”

“சொன்னேன்டா. இல்லேங்கல. அது பழைய கம்பெனி சொன்னது.”

அந்த வாக்கியத்தை நான் பல நாள் மென்று பார்த்தேன். பழைய கம்பெனிக்கும் இந்த வாய்தானே இருந்தது. இதே கைதானே தோளில் தட்டியது. கேட்டிருக்கலாம். நம்மால் கேட்க முடிந்தது “அப்ப லீவு?” மட்டும்தான்.

கையெழுத்துக்கு நீட்டிய பேப்பரை டிரைவர் தொடவே இல்லை. “நான் ஒருக்க பொறந்தாச்சு மக்கா. இவனுக்க கம்பெனியில இன்னொருக்க பொறக்க எனக்க ஒடம்பு தாங்காது” என்று சொல்லிவிட்டுக் கேன்சல் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கடல் இருக்கிறது, அண்ணன் தம்பிகளின் வள்ளம் இருக்கிறது. தெலங்கானாக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

மனைவியிடம் இந்த முறை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்களும் அந்த டிரைவரண்ணன் மாதிரி வந்துருங்க” என்றாள்.

“வந்துட்டு சோத்துக்கு என்ன பண்றது?”

“நான் சோறு கேட்டேனா ஒங்ககிட்ட?”

இருந்தாலும் நான் என் பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். ஊரில் என்ன வேலை கிடைக்கும், மூத்தவள் பள்ளிக்கூடம், திரும்ப வர நினைத்தால் எவன் விசா தருவான், இந்த வயதில் எவன் எடுப்பான். அவள் முழுவதையும் கேட்டாள். முடித்த பிறகு, “சரி, நீங்க பயந்து முடிங்க. நான் பெத்து முடிக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

கையெழுத்துப் போட்டேன். புதிய ஆட்களுக்கு நடத்திய டிரெய்னிங்கில் என்னையும் உட்காரவைத்தார்கள். தட்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், விரல் மேலே படக் கூடாது என்று ஒரு பையன் திரையில் படம் போட்டுக் காட்டினான். எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினேன். வாடிக்கையாளர்கள் எவ்வளவு நாளாக இங்கே வேலை என்று கேட்டால், புதிதாகச் சேர்ந்தவன் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். முதலாளி சில சமயம் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

புரட்டாசியில் பையன் பிறந்தான். அறந்தாங்கி ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் கூப்பிட்டுச் சொன்னார். அப்போது கடையில் கூட்டம். காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பிள்ளையும் தாயும் நலம் என்றார். அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு வீடியோவில் கூப்பிட்டேன். மனைவி எடுத்தாள். படத்தில் கூரையும் சுற்றுகிற ஃபேனும் தெரிந்தன. அவன் அழுவது கேட்டது.

“போனத் திருப்பு, பாக்குறேன்.”

“போன்ல காட்ட மாட்டேன். பாக்கணும்னா வந்து பாருங்க.”

கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மற்றதெல்லாம் சாதாரணமாகப் பேசுகிறாள். மூத்தவள் மார்க், மழை, பக்கத்து வீட்டுச் சண்டை. அவனை மட்டும் காட்டுவதில்லை. போட்டோவும் அனுப்புவதில்லை. வீட்டில் வேறு யாரையும் அனுப்பவும் விடுவதில்லை.

இப்போது கழுத்து நின்றுவிட்டதாம், குப்புற விழுகிறானாம். மாமியார்தான் சொல்கிறார். போன வாரம் அவரிடம் கேட்டேன், “யார் சாயல் அத்தே?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, “அத மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா தம்பி” என்றார்.