சுவர் திடீரென்றா விழுந்தது?

போன வாரம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் ஆவாரம்பட்டைக் கிடங்குச் சுவர் விழுந்து, சின்னப்பன் என்ற தொழிலாளிக்குக் கால் முறிந்தது. சமாசாரம் எழுதுவது என் உத்தியோகம். பேனாவை எடுத்தேன். 'ஆம்பூரில் ஒரு சுவர் திடீரென்று...'

அந்தத் 'திடீரென்று' இருக்கிறதே, அதை நான் எழுதவில்லை. கை எழுதிவிட்டது! இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த பெரியவர்கூட எங்கள் பத்திரிகையில் திடீரென்றுதான் காலமாவார். காலையிலிருந்து கறுத்துக் கிடந்த வானம், திடீரென்றுதான் மழை பெய்யும். பத்திரிகை உலகத்தில் எதுதான் சொல்லிக்கொண்டு வருகிறது?

அப்போது வாசலில் ஒரு குரல். சின்னப்பனின் மனைவி ரோசம்மா. அதே ஷாப்பில் தோல் பதனிட அந்தப் பட்டையை இடிப்பவள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏன் என்று கேட்காதீர்கள். யாராவது தேடி வந்தால் எனக்கு முதலில் வியர்க்கும். காரணம் பிறகுதான் தெரியும்.

"இன்னா எழுதினீங்க ஐயா? படிங்க, கேக்கறேன்."

படித்தேன்.

"திடீர்னா? எங்களுக்கு இன்னா கண்ணு இல்லியா? மழை வுட்டதுலேர்ந்து சாய்ஞ்சினு கெடந்துச்சு. நாங்கதான் சவுக்குக் கழி நட்டு முட்டுக் குடுத்தோம். தோல் காயப்போடக் கழி பத்தலன்னு மொதலாளி அதைப் புடுங்கச் சொன்னாரு. இப்ப, 'திடீர்னு வுழுந்ததுக்கு நான் இன்னா பண்றது? வைத்தியமும் என் பொறுப்பில்ல, வேலையும் இல்ல'ன்றாரு. நீங்களும் அதையே எழுதினா நான் எங்க போய் நிக்கிறது?"

"அவரு நம்ம பத்திரிகைக்கு விளம்பரம் குடுக்கறவரும்மா..." என்று இழுத்தேன்.

"அப்ப சுவரு மேலயே பழியைப் போடுங்க. அதுதான் விளம்பரம் குடுக்காது!"

சிரிப்பு வந்தது. கூடவே மயக்கமும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்; பாதியைச் சட்டை குடித்தது. பிறகு ஷாப்புக்கே நடந்தேன். இடிந்த சுவரின் ஓரமாகக் கழி நட்ட குழிகள் அப்படியே இருந்தன. கழிகள் எங்கே? முற்றத்தில், தோலைச் சுமந்துகொண்டு! மேஸ்திரியைக் கேட்டேன். "ஆமாங்க, மொதலாளி சொல்லித்தான் புடுங்கினோம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை அடித்தேன். அடித்த இடத்தில் எழுத நாலு வரி வந்து நின்றது. எப்போது சாய்ந்தது, யார் முட்டுக் கொடுத்தார்கள், யார் சொல்லிப் பிடுங்கினார்கள்... இத்தனையையும் ஒற்றை வார்த்தை மூடி வைத்திருந்தது! கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க நமக்குச் சோம்பலாக இருக்கிறதா? 'திடீரென்று' என்று போட்டால் தீர்ந்தது.

அந்த நாலு வரியோடு பத்திரிகை வெளிவந்த அன்றே முதலாளி ஆள் அனுப்பினார். வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளேயிருந்து நானே சொன்னேன்.

வந்தவன் கதவுக்கு வெளியே நின்றே சேதி சொன்னான்: "சின்னப்பனை வேலூர் ஆஸ்பத்திரில சேத்தாச்சு. செலவு மொதலாளியோடது. கால் கூடினதும் வேலைக்கு வரலாம். வீட்ல இல்லாதவரு வந்தா, இதையும் பேப்பர்ல போடச் சொல்லுங்க. விளம்பரம் மட்டும் இனிமே கெடையாதாம்!"

முதல் பாதியை ரோசம்மாவிடம் சொல்ல ஓடினேன். பின்பாதியை எடிட்டரிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. பாவம், இந்தப் பத்தியைப் படித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது.