முத்துப்பேச்சி கேட்டது ஒன்றுதான்

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்ணாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, இன்று அனுப்பர்பாளையத்தில் சொந்த யூனிட் நடத்துகிறேன். என் பேச்சுக்கு அங்கே எதிர்ப்பேச்சு கிடையாது. என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் ஓவர்லாக் டெய்லர் முத்துப்பேச்சி ஒருத்திதான். தெற்கத்திக்காரி. கைவேகத்தில் அந்தக் காலத்து என்னையே நெருங்கினாள்.

முதல் குழந்தை அவளுக்கு ஆபரேஷன். முதுகில் மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்பே மூத்திர டியூபைச் செருகிவிட்டார்களாம். வயிற்றைக் கிழித்தது தெரியவில்லை, டியூப் எரிந்த எரிச்சல்தான் இன்னமும் கனவில் வருகிறது என்பாள். ஒன்றுக்குப் போகவே பயந்து, வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

இரண்டாவதுக்கும் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். அவள் புருஷன் அருள்செல்வனோடு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். டியூபை வார்டிலேயே போடலாம், பெண்கள் மட்டும் இருப்பார்கள், ஆனால் வலிக்கும். மரத்த பிறகு தியேட்டரில் போட்டால் வலி தெரியாது, ஆனால் மயக்க டாக்டர் ஆண். எது வேண்டுமென்று அவளையே கேட்டார்.

அருள்செல்வன் முந்திக்கொண்டு, வார்டிலேயே போடுங்கள் என்றான். வேற்று ஆம்பளை பார்க்கக் கூடாதாம்.

"ஏனுங்க தம்பி, டியூப்பு உங்களுக்கா போடறாங்க? அவ சொல்லட்டும்" என்றேன். அடங்கிவிட்டான்.

"மரத்த பெறவு போடுங்க டாக்டர். யாரு பாத்தாலும் பாக்கட்டும்" என்றாள் முத்துப்பேச்சி.

ஆபரேஷன் அன்று சரக்கு ஏற்றிவிட்டு மத்தியானம்தான் போனேன். பெண் குழந்தை, நல்லபடியாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையில் அருள்செல்வன் வார்டு நர்ஸிடம், அவள் மனசை மாற்றிக்கொண்டாள், இங்கேயே போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கால்களை ஒடுக்கியிருக்கிறாள். பயத்தில் அப்படித்தான் சொல்லுவாள் என்றானாம், கதவுக்கு வெளியே நின்று. நர்ஸ் அவன் பேச்சைக் கேட்டு டியூபைப் போட்டுவிட்டார்.

"என் மானத்தக் காப்பாத்திட்டாராம்க்கா" என்றாள்.

வராந்தாவில் அவனை நிற்க வைத்துத் திட்டினேன். என் பொண்டாட்டி விசயம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது வேலைக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் கேட்டில் அவன் வண்டியோடு நிற்பான். அவள் அவனைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடமே பேசி விலையை ஏற்றியவள் நான். அந்த வண்டியில் ஏறிக்கொள் என்று இவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் மெஷின் பக்கத்தில் நானே தண்ணீர் பாட்டில் நிரப்பி வைக்கிறேன். சாயங்காலமும் அது நிரம்பியேதான் இருக்கிறது.