மாத்திரையை நிறுத்தச் சொன்ன தீர்க்கதரிசி

ஆரணியில் கூலித் தறியில் ஆரம்பித்து, சொந்தமாகப் பட்டுத் தறிகள் போட்டவன் நான். என்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்றிருந்தேன். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு தீர்க்கதரிசி, "உங்க தறியில பாவு நூல் அறுந்துகினே இருக்குது, கர்த்தர் காட்டினாரு" என்றதும், வெளியாளுக்குத் தெரியாத சேதியாயிற்றே என்று மண்டியிட்டுவிட்டேன்.

அடுத்து என் மனைவியிடம், "சர்க்கரை மாத்திரை விசுவாசக் குறைச்சல்மா, நிறுத்திடுங்க. உங்க சபை போதகராண்ட சொல்லாதீங்க" என்றான். நிறுத்தினாள். சில நாளில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த, என் தறிகளில் பாவு நூலைப் பிணைக்கிற தொழிலாளி, "முதலாளி, நூல் அறுந்த சேதிய அந்தாளு டீக்கடையில என்னாண்ட கேட்டுகினு போனாரு" என்றார். அந்தப் பொய்யனை நம்பி மனைவியைக் கொல்லப் பார்த்தேனே.

அவள் பிழைத்தாள். கர்த்தருடைய வார்த்தைக்கு ஒளிவுமறைவு எதற்கு? இப்போது எவன் தரிசனம் என்று வந்தாலும் போதகரைக் கூப்பிட்டு, அவர் எதிரில் சொல்லச் சொல்கிறேன். போன மாதம் வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.